22 வருட டோக்கியோ: குப்பை வலை, வெள்ள வரைபடம், ஓட்டுரிமை

அரகாவாக்கரை (நிஷி-கசாய், டோக்கியோ):

நண்பர்களுக்கு வணக்கம். ஜப்பானில் 2025 ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலுக்குப் பிறகு பல பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஜப்பான் மாறிவிட்டதா, இன்னும் அங்கே இருக்கலாமா? ஊரிலிருந்து அக்கா கேட்கிறாள். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் கேட்கிறார்கள். போனில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் வந்தது 2003இல். ஆறு மாத வேலை என்று அனுப்பினார்கள், 22 வருடம் ஓடிவிட்டது. அன்று முதல் எடோகாவா வார்டில் நிஷி-கசாய்தான் என் ஊர். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளில் தேதி குழம்பிவிடும் என்று பயந்தார்களே, அந்த வேலைக்காக வந்த இந்தியர்கள் குடியேறிய இடம் இது. தோசாய் லைனில் ஏறினால் வங்கிகள் இருக்கும் ஓதேமாச்சிக்குக் கால்மணி நேரம் சொச்சம். அதோடு யூ.ஆர். என்ற அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகளும் இங்கே நிறைய. வெளியே வீடு பிடிக்க ரெய்கின் என்று திரும்பி வராத ஒரு தொகை, ஜாமீனுக்கு ஓர் ஆள், தரகுப் பணம் எல்லாம் வேண்டும். யூ.ஆரில் இவை எதுவும் கேட்பதில்லை. சம்பளச் சான்றையும் முன்பணத்தையும் கொடுத்தால் சாவி கையில். இன்று டோக்கியோவிலேயே இந்தியர்கள் அதிகம் வாழும் வார்டு இதுதான்.

கேள்விக்கு வருகிறேன். மாறியிருக்கிறது. 2024 தொடக்கத்தில் 5 கிலோ அரிசியை 2,000 யென்னை ஒட்டி வாங்கினோம். 2025 மே மாதம் சராசரி விலை 4,200ஐத் தாண்டிவிட்டது. தான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் நிறையக் கொடுக்கிறார்கள் என்று பேசிய விவசாய அமைச்சர் அந்த மாதமே பதவி விலகினார். அரசு கையிருப்பு அரிசியைப் பாதி விலைக்கு விட்டபோது எங்கள் பக்கத்துக் கடையில் காலையிலேயே வரிசை, நானும் நின்றேன். முன்னால் நின்ற பெரியவர் நீகாத்தாவில் நெல் விளைவித்த குடும்பம். 1970களில் ஆரம்பித்து 2018 வரை விவசாயிகளை நெல் நடாதே, குறைத்து நடு என்று சொல்லி வந்த கொள்கையைத்தான் வரிசை நகரும் வரை திட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் போன்றவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில், "ஜப்பானியருக்கே முதலிடம்" என்று பிரச்சாரம் செய்த சன்சேய்தோ கட்சி மேலவைத் தேர்தலில் 14 இடங்களைப் பிடித்தது. சம்பளம் நின்ற இடத்தில் நிற்க, விலை மட்டும் ஏறிய ஜனங்களின் கோபம் அது. அதைத் திருப்பிவிட வெளிநாட்டுக்காரன் கிடைத்தான் என்பது என் கருத்து. அக்டோபரில் இன்னொன்று வந்தது. சொந்தத் தொழில் நடத்துவதற்கான விசாவுக்கு முதலீடு 50 லட்சம் யென் என்றிருந்ததை 3 கோடி ஆக்கிவிட்டார்கள். ஏற்கெனவே அந்த விசா உள்ளவர்களுக்கு மூன்று வருட அவகாசம் உண்டு. இருந்தாலும் எங்கள் தெருவில் தோசை சுடும் தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் "இருக்கலாமா" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் தெருவில் குப்பை வலையை யார் மடித்து வைக்கிறார்கள் என்று தெரியுமா?

இங்கே காலை எட்டு மணிக்குள் குப்பைப் பையைத் தெருமுனையில் வைத்துவிட வேண்டும். காக்கை கொத்தாமல் இருக்க மேலே ஒரு நீல வலை. காற்றில் தூக்காமல் இருக்க ஓரம் முழுக்கக் கனமான கயிறு தைத்திருப்பார்கள். வண்டி வந்து போனதும் வலையை உதறி, மடித்து, கம்பியில் கட்டி, தரையில் ஒழுகியதைத் தண்ணீர் ஊற்றிப் பெருக்க வேண்டும். இது வார்டு ஆபீசின் வேலை என்றுதான் ஆறு வருடம் நினைத்திருந்தேன். யூ.ஆரில் இருந்தவரை அதெல்லாம் கண்ணில் படவில்லை. 2009இல் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிபோன பிறகு ஒரு நாள், எரியும் குப்பை நாளில் பாட்டரியும் உடைந்த கண்ணாடியும் கலந்த பையை வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். மாலையில் பக்கத்து வீட்டு ஓபாச்சான், அதாவது பாட்டி, வந்து கதவைத் தட்டினார். அப்போதே எண்பதை நெருங்கியவர். வண்டிக்காரர்கள் மஞ்சள் சீட்டு ஒட்டி விட்டுப்போன என் பையைத் தன் வீட்டு வாசலுக்கு எடுத்துப்போய், கையுறை போட்டுக்கொண்டு தரம் பிரித்து, கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே "ஆபத்து" என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். திட்டவில்லை. தொந்தரவு தருவதற்கு மன்னிக்க வேண்டும் என்று என்னிடம் அவர் சொன்னார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரமே சோனாய்காயில், அதாவது தெருக்காரர்கள் சங்கத்தில், சேர்ந்தேன். சந்தா மாதம் 300 யென். முறை வந்தால் வலை மடிப்பது, வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்பு அட்டையில் முத்திரை வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது, வருடம் ஒரு பேரிடர்ப் பயிற்சி. இவ்வளவுதான்.

அந்தப் பயிற்சியைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எடோகாவா வார்டில் சுமார் 70 சதவீத நிலம், கடல் ஏறியிருக்கும் நேரத்தில், கடல்மட்டத்துக்குக் கீழே. தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி மண் அமுங்கிவிட்டது. மேற்கே அரகாவா ஆறு, கிழக்கே எடோகாவா ஆறு, தெற்கே கடல். நாம் மாலையில் நடக்கிறோமே, அந்த அரகாவாவே மனிதர் வெட்டிய ஆறு. 1910 பெருவெள்ளத்துக்குப் பிறகு வெட்ட ஆரம்பித்து 1930இல் முடித்தார்கள். 2019 மே மாதம் வார்டு ஒரு வெள்ள வரைபடத்தை வீடு வீடாகக் கொடுத்தது. அதன் அட்டையில் நம் வார்டின் மேலேயே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரு நகராட்சி தன் மக்களிடம் அப்படிச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! கரை உடைந்தால் சில இடங்களில் 10 மீட்டருக்கு மேல் தண்ணீர், ஒன்றிரண்டு வாரத்துக்கு மேலும் வடியாமல் நிற்கலாம். அதே வருடம் அக்டோபர் 12, சனிக்கிழமை, 19ஆம் எண் புயல் வந்தது. முற்பகலிலேயே வெளியேறச் சொன்னார்கள். முகாமான பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் எங்கள் சங்கத்தார் உறுப்பினர் பட்டியல் வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினார்கள். பட்டியலில் இல்லாத வீடுகளை எப்படித் தட்டுவார்கள்? அன்று இரவு தங்கள் மாடி வீடுகளில், போனில் ஜப்பானிய மொழியில் அலறும் எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாமல், நம்மவர்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அரகாவா கரையைத் தாண்டவில்லை. மேலே சைத்தாமாவில் உள்ள தேக்கிடம் வெள்ளத்தை வாங்கிக்கொண்டது. அடுத்த முறை என்ன ஆகுமோ.

சுருக்கமாக என் கருத்து: ஊர் விஷயத்தில் கை வைக்காமல், சம்பளமும் பள்ளிக்கூடமும் மட்டும் பார்த்துக்கொண்டு, பிறகு "நம்மை மதிக்கவில்லை" என்று சொல்வது சரியில்லை. தெருவில் நம் பெயர் இருக்க வேண்டும். அப்போதுதான் ஓட்டும் கேட்கலாம். ஓட்டு நமக்கு வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

---

முடிச்சூர்த்தம்பி (நிஷி-கசாய்):

அண்ணா, மரியாதையோடு சொல்கிறேன், நீங்கள் சொல்வதில் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் வந்து இரண்டு வருடம் ஆகிறது. யூ.ஆரில் காலி இல்லை என்றதால் வெளியே தேடினேன். தரகர் என் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "ஆள் வெளிநாட்டவர், ஆனால் பேசத் தெரிந்தவர், நல்ல கம்பெனி" என்று கெஞ்சுவார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒன்பது வீடு இப்படிப் போனது. என் ஒருவன் கதை மட்டும் இல்லை இது. நீதி அமைச்சகம் 2016இல் எடுத்த கணக்கெடுப்பிலேயே, வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதற்காக மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் வரி. முதல் வருடம் கையில் நல்ல சம்பளம் வந்தது. இரண்டாம் வருடம் ஜூனிலிருந்து ஜுமின்ஸேய் என்ற உள்ளூர் வரியைப் பிடிக்க ஆரம்பித்தார்கள், முந்தின வருட வருமானத்தில் சுமார் 10 சதவீதம். அதில் குறை சொல்லவில்லை, எல்லோரும் கட்டுவதுதான். ஆனால் அவ்வளவு கட்டியும் இந்த ஊரில் எனக்கு ஓட்டு இல்லை, வீடும் கொடுக்க மாட்டார்கள். ஜூலையில் ஸ்டேஷன் வாசலில் மைக் வைத்துப் பேசினார்களே, அது புரியாத அளவுக்கு என் ஜப்பானிய மொழி மோசம் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய், திரும்பி வந்து, அவர்கள் தெருவைப் பெருக்க வேண்டுமா? முதலில் மதிக்கட்டும், பிறகு பெருக்குகிறேன்.

---

பிள்ளைகளோடு யோகோஹாமா:

அண்ணா, உங்கள் பதிவைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வலை மடிக்கும் முறை உங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் மடிப்பது நீங்களா, அண்ணியா? எட்டு மணிக்கு நீங்கள் தோசாய் லைனில் நிற்பீர்களே!

எங்கள் வீட்டு நிலவரம் அதுதான். இரண்டு பிள்ளைகளையும் சாதாரண அரசுப் பள்ளியில் சேர்த்தோம். இந்தியப் பள்ளி தூரம், கட்டணமும் தாங்காது. அரசுப் பள்ளியில் சேர்ந்ததும் பி.டி.ஏ. வேலை வந்தது. மாதம் இரண்டு காலை, மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு தெரு முக்கில் நிற்க வேண்டும். பிள்ளைகள் வரிசையாக வரும்போது கொடியை நீட்டி வண்டிகளை நிறுத்துவது. முதல் நாள் மழை. ஒரு கையில் குடை, ஒரு கையில் கொடி, வாயில் "ஒஹாயோ கொசாய்மாஸ்" மட்டும்தான் வரும். முப்பது பிள்ளைகள் ஒவ்வொருவரும் நின்று பதில் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறந்த ஊரில் கூட அப்படி யாரும் என்னைக் கும்பிட்டதில்லை. அன்றிலிருந்து சந்தைக்குப் போனால் "இன்னாரின் அம்மா" என்று கூப்பிட ஆள் இருக்கிறது. அதனால் அண்ணன் சொல்வது பொய் இல்லை. ஆனால் இந்த மரியாதையைச் சம்பாதிக்கும் வேலையெல்லாம் பெண்கள் தலையில், அதுவும் முழுநேர வேலைக்குப் போக முடியாமல் சார்பு விசாவில் வீட்டில் இருக்கும் பெண்கள் தலையில் விழுகிறது. இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

தம்பிக்கு ஒன்று. மதிப்பது முதலா, பெருக்குவது முதலா என்று நீங்கள் கணக்குப் பார்க்கலாம், தனி ஆள். பிள்ளைகள் இருந்தால் அதற்கு நேரம் இருக்காது. இங்கே கட்டாயக் கல்வி என்பது ஜப்பானியக் குடிமக்களுக்குத்தான். நம் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள், கேட்காவிட்டால் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். 2019இல் கல்வி அமைச்சகம் கணக்கெடுத்தபோது சுமார் 20,000 வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இல்லாமலோ, எங்கே என்று தெரியாமலோ இருந்தார்கள். யோசித்துப் பாருங்கள், 20,000 பிள்ளைகள்! நாமாகப் போய்க் கேட்டால்தான் எதுவும் நடக்கும் நாடு இது. என் பெரியவள் மீன், இறைச்சி சாப்பிட மாட்டாள். மிசோ சூப்பிலும் மீன் சாறு. ஆசிரியரிடம் போய் உட்கார்ந்து பேசினேன். மாத உணவுப் பட்டியலில் அவள் சாப்பிடக் கூடியதற்கு மட்டும் பச்சைக் கோடு போட்டுத் தந்தார். மற்ற நாட்களில் நான் டப்பா கட்டிக் கொடுக்கிறேன். தயிர்சாதம்தான். ஜப்பானிய அரிசி குழைந்து வரும், தயிர்சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி கிடையாது. 2025இல் அரிசி விலை ஏறியபோதும் அதை மட்டும் குறைக்கவில்லை.

---

கிகா2016 (எடோகாவா):

நான் 2016இல் கிகா செய்துகொண்டவன், அதாவது ஜப்பானியக் குடியுரிமை எடுத்தவன். அரகாவாக்கரை சார் என்னை நேரில் அறிவார்.

ஓட்டு விஷயத்தில் மட்டும் பேசுகிறேன். ஓட்டு வேண்டுமென்றால் குடியுரிமை எடுக்க வேண்டும். அது கஷ்டம்தான். ஜப்பானும் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது, இந்தியாவும் ஏற்காது. தூதரகத்தில் என் நீல பாஸ்போர்ட்டை வாங்கி ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தபோது கை நடுங்கியது. அப்பாவிடம் சொல்லவே எனக்கு ஒரு மாதம் ஆனது. ஆனால் அந்த விலையைக் கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன், இந்த நாட்டின் முடிவுகளில் பங்கு வேண்டும் என்றால், நாளைக்கு நிலைமை மோசமானால் ஊருக்கு விமானம் ஏறும் வாய்ப்பையும் விட்டுவிட்டு நிற்க வேண்டும்.

2019 ஏப்ரல் வார்டு சபைத் தேர்தலில் முதல் முறையாக இங்கே உள்ளாட்சி ஓட்டுப் போட்டேன். நம் ஊர் மாதிரி பொத்தானும் சின்னமும் கிடையாது. பென்சிலை எடுத்து வேட்பாளர் பெயரை நம் கையால் எழுத வேண்டும். அந்தத் தேர்தலில்தான் யோகேந்திர புராணிக் நின்றார். இந்தியாவில் பிறந்து 2012இல் ஜப்பானியர் ஆனவர். எழுதச் சுலபமாக இருக்கட்டும் என்று "யோகி" என்ற பெயரில் நின்றார், ஹிரகானாவில் இரண்டே எழுத்து. ஜெயித்தார். அவரை ஜெயிக்க வைத்தது இந்தியர்கள் இல்லை, ஏனென்றால் இந்தியர்களுக்கு ஓட்டே இல்லை. பக்கத்து வீட்டு ஜப்பானியர்கள் பென்சில் பிடித்து அந்த இரண்டு எழுத்தை எழுதினார்கள். பிறகு அவர் இபாராகி மாகாணத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகவும் ஆனார். இந்த நாடு அடைத்த கதவு என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

---

கோவைக்குத் திரும்பியவன்:

12 வருடம் நாகோயாவில் இருந்துவிட்டு 2021இல் கோவை வந்துவிட்டேன். நான் எந்தக் கட்சியும் இல்லை, அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

நானும் சங்கத்தில் இருந்தேன். கோடைத் திருவிழாவில் மூன்று வருடம் யாகிசோபா நூடுல்ஸ் வறுத்தேன். பன்னிரண்டாவது வருடமும் அதே பெரியவர் அதே அன்போடு, "எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். வெறுப்பு துளியும் கிடையாது. அவர் மனதில் நான் விருந்தாளி, விருந்தாளி என்றால் கிளம்ப வேண்டும். அந்தக் கேள்வி என்னை அரித்துவிட்டது. ஒரு நாள் நிஜமாகவே கிளம்பிவிட்டேன்.

திரும்புகிற எண்ணம் இருப்பவர்களுக்கு ஓர் உபகாரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பல பேர் அவசரப்பட்டு நஷ்டப்படுகிறார்கள். நெங்கின் என்ற ஓய்வூதியத்துக்கு முன்பு 25 வருடம் கட்டியிருக்க வேண்டும். 2017 ஆகஸ்டிலிருந்து 10 வருடம் போதும். இந்தியாவோடு போட்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் அமலுக்கு வந்தது, அதனால் இந்தியாவில் பி.எஃப். கட்டிய காலத்தையும் தகுதிக்குச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆனால் கிளம்பும்போது மொத்தமாகத் திரும்பக் கேட்டு வாங்கினால், கட்டிய காலம் அத்தனையும் கணக்கிலிருந்து அழிந்துவிடும். திருப்பிக் கொடுப்பதும் ஐந்து வருடக் கணக்குக்கு மேல் இல்லை, அதிலும் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஏழெட்டு வருடம் கட்டியவர் கூட இந்தியக் காலத்தைச் சேர்த்தால் பத்து வருடம் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என் நண்பர் ஒருவர் எட்டு வருடம் கட்டிய கணக்கை அப்படியே இழந்தார்.

---

அரகாவாக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவராகச் சொல்கிறேன்.

யோகோஹாமா தங்கை, நீங்கள் கேட்டது சரி. என் பதிவில் "நான் சேர்ந்தேன்" என்று எழுதினேன். வார நாட்களில் வலை மடித்தது என் மனைவிதான், பதினாறு வருடமாக. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் நான் போனேன், பெயர் எனக்கு வந்தது. ராத்திரி அவளிடம் உங்கள் பதிவைக் காட்டினேன். "யாரோ ஒரு பெண் சொன்னால்தான் தெரியுதா?" என்றாள். போன வாரத்திலிருந்து அரைமணி தள்ளி வேலைக்குப் போக ஆபீசில் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

கிகா சாருக்கு. உங்கள் முடிவின் கனம் எனக்குத் தெரியும், அன்று தூதரகத்துக்கு வெளியே உங்களோடு நின்றவன் நான். ஆனாலும் உள்ளாட்சி ஓட்டை நாடாளுமன்ற ஓட்டோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். பாதுகாப்புத் துறை பற்றி முடிவெடுக்க நான் கேட்கவில்லை. மதகு எங்கே கட்டுவது, பள்ளிக்கூடத்தில் எத்தனை மொழிபெயர்ப்பாளர், எச்சரிக்கை எந்த மொழியில் வர வேண்டும், இதில்தான் பங்கு கேட்கிறேன். 1995இல் உச்ச நீதிமன்றம், இங்கேயே பிறந்து வளர்ந்த கொரியர்கள் தொடுத்த வழக்கில், நிரந்தரவாசிகளுக்கு உள்ளாட்சி ஓட்டு தரும்படி அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் நாடாளுமன்றம் சட்டம் செய்து கொடுத்தால் அரசியல் சட்டம் தடுக்காது என்று சொன்னது. அதன் பிறகு முப்பது வருடம் போய்விட்டது, சட்டம் வரவில்லை. பக்கத்தில் தென் கொரியாவில் நிரந்தர வசிப்பு பெற்று மூன்று வருடம் ஆனவர்கள் 2006 முதல் உள்ளாட்சியில் ஓட்டுப் போடுகிறார்கள். அங்கே நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

2021 டிசம்பரில் முசாஷினோ நகரில் நடந்தது நினைவிருக்கும். அது தேர்தல் ஓட்டு கூட இல்லை. நகர விஷயங்களில் மக்கள் கருத்துக் கேட்கும் வாக்கெடுப்பில் வெளிநாட்டவரும் பங்கெடுக்கலாம் என்று மேயர் ஒரு விதி கொண்டுவந்தார். ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்கள் ஒலிபெருக்கி வண்டிகளோடு வந்து நின்றார்கள். சபையில் 14க்கு 11 என்று தோற்றது. நான் அதில் பார்ப்பது அந்த 11 பேரைத்தான். அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் கை தூக்கினார்களே. பக்கத்து வீட்டில் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தை அறிந்தவராகத்தான் அவர்களில் பல பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மை அறிந்த ஜப்பானியர்கள் எத்தனை பேர் என்பதுதான் கடைசியில் கணக்கு. உங்கள் யோகி உதாரணமும் அதையேதான் சொல்கிறது.

வரி கட்டாதவரின் நிரந்தர வசிப்பை ரத்து செய்யலாம் என்று 2024இல் சட்டம் திருத்தினார்கள். வேண்டுமென்றே வரி ஏய்ப்பவரை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் ஜப்பானியர் வரி கட்டாவிட்டால் பறிமுதலோடு போகிறது, நாம் கட்டாவிட்டால் வீடு வாசலே போய்விடும் என்றால், தண்டனை ஒன்றாக இல்லையே என்று எழுதியாவது வைக்க வேண்டாமா? நான் வார்டு சபை உறுப்பினர் ஒருவருக்கு எழுதினேன். நாங்கள் அவருக்கு ஓட்டுப் போட முடியாது என்று தெரிந்தும் இரண்டு பக்கத்துக்குக் கையால் பதில் எழுதியிருந்தார்.

கோவை அண்ணன் சொன்ன கேள்வி எனக்கும் தெரியும். "எப்போது திரும்புகிறீர்கள்?" பத்து வருடம் வரை எனக்கும் வலித்தது. என் ஓபாச்சான் ஒரு நாள் அதே கேள்வியைக் கேட்டார். "இங்கேயேதான்" என்றேன். "அப்படியானால் புதுவருடத்து மோச்சிக்கு அரிசி இடிக்க ஆள் குறைகிறது, வா" என்றார். அந்தப் பதிலை அதுவரை யாருக்கும் நான் சொன்னதே இல்லை. என்னிடமே சொல்லிக்கொண்டதும் இல்லை. 2022இல் அவர் காலமானார். எலும்பை மூங்கில் குச்சியால் கலசத்தில் எடுத்து வைக்கும் சடங்குக்கு என்னையும் என் மனைவியையும் அவர் மகன் அழைத்தார்.

தம்பி, உங்களுக்குத்தான் கடைசியாகச் சொல்கிறேன். வீட்டு விஷயத்தில் நடந்தது அநியாயம். அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன், பொறுத்துக்கொள் என்றும் சொல்ல மாட்டேன். வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் இங்கே இல்லாதது இந்த நாட்டின் குறை. ஆனால் வெள்ளம் வந்தால் ஆறு அந்த நியாய அநியாயத்தைப் பார்க்காது. உங்கள் பெயரிலேயே முடிச்சூர் இருக்கிறது.

---

முடிச்சூர்த்தம்பி:

அண்ணா, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சென்னைப் பெருவெள்ளம் வந்த 2015 டிசம்பர் 1 இரவு, நான் பிளஸ் டூ. முடிச்சூரில் வீடு. யாரும் வந்து சொல்லவில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. ராத்திரி அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து காலைக் கீழே வைத்தபோதுதான் தெரிந்தது, கணுக்கால் வரை தண்ணீர். விடிவதற்குள் கீழ்த்தளம் முழுகிவிட்டது. மொட்டை மாடியில் நாங்கள் நாலு பேரும், பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு வடநாட்டுக் குடும்பமும். அவர்கள் அந்தத் தெருவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் பெயர் கூட எங்களுக்குத் தெரியாது. படகு வந்தபோது எங்கள் தெரு ஆட்கள் தெரிந்தவர்கள் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அந்தக் குடும்பத்தை யாரும் கூப்பிடவில்லை. அப்பா அவர்கள் குழந்தையைத் தூக்கித் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டு, இவர்களும் எங்களோடுதான் என்று சொன்னார்.

பட்டியலில் இல்லாத வீட்டை எப்படித் தட்டுவார்கள் என்று நீங்கள் கேட்டதைப் படித்தபோது எனக்கு அந்த மொட்டை மாடிதான் ஞாபகம் வந்தது. இங்கே அந்த வடநாட்டுக் குடும்பம் நான்.

வீட்டுக்காரர்கள் மீது கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வரைபடம் என் வீட்டிலும் இருக்கிறதா என்று தேடினேன். குடிவந்த அன்று வார்டு ஆபீசில் கொடுத்த பைக்குள் பிரிக்காமல் இருந்தது. என் தெரு 3 முதல் 5 மீட்டர் நிறத்தில் இருக்கிறது. நான் இரண்டாவது மாடி. அடுத்த பயிற்சி எப்போது? சங்கத்தில் சேர யாரைப் பார்க்க வேண்டும்? என் கட்டடத்தில் இன்னும் நாலு வீடு நம்மவர்கள்தான், ஒரு வீட்டில் கைக்குழந்தை.

---

பிள்ளைகளோடு யோகோஹாமா:

தம்பி, கைக்குழந்தை வீட்டுக்குப் பால் பவுடரும் டயப்பரும் தனிப் பையில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூட முகாமில் எல்லாம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். மருந்துச் சீட்டுப் புத்தகத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

---

அரகாவாக்கரை:

வருகிற ஞாயிறு காலை ஒன்பதரை, உங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளி உடற்பயிற்சிக் கூடம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், உள்ளே போட ஒரு ஜோடி காலணி கொண்டு வாருங்கள், தரை ஐஸ் மாதிரி இருக்கும். கட்டடத்தில் இருக்கும் எல்லோர் பெயரையும் கட்டகனா எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள், எந்த மாடி, எத்தனை பேர், குழந்தை உண்டா என்று. சங்கத் தலைவரிடம் நானே அறிமுகப்படுத்துகிறேன். பயிற்சி முடிந்ததும் கொதிநீர் ஊற்றிய அவசரகாலச் சாதம் ஆளுக்கொரு பொட்டலம் தருவார்கள். என் மனைவி ஊறுகாய் கொண்டு வருகிறாள்.